ஒரு தடவை வந்தா மறுபடி வராதாமே!

சென்ற ஆண்டு ஐப்பசியில், மதுரையில் மழை விடாமல் பிடித்துக்கொண்ட சமயத்தில் நடந்தது இது. இந்த மாதிரி அனுபவங்களைப் படிக்கும்போது பெரும்பாலும் யாரோ முன்பின் தெரியாதவர் வந்து உதவியிருப்பார், எழுதுபவர் கண்கலங்கி நன்றி சொல்லியிருப்பார். நன்றி சொல்ல எனக்கும் ஓரிருவர் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாட்களை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது கோபம்தான். ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. சரி, கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

நான் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். வீட்டில் கணவர், மாமியார், கல்லூரிக்குப் போகும் மகள். மகள் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் டெங்கு வந்தது. எலும்பை யாரோ அடித்து நொறுக்கியதுபோல வலி, உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டோம். கிளம்பும்போது மாத்திரைக் கவரைக் கையில் கொடுத்தார்கள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான். அன்றைக்கு அவர்கள் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. சொல்லியிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்காது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். குணமானதும் மாமியார் கோயிலில் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில், இன்ன வீட்டுத் தாயும் மகளும் டெங்குக் காய்ச்சலிலிருந்து பூரண சுகம் பெற்றதற்கு நன்றியாக என்று மைக்கில் வாசித்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறிவிப்போடு ஊரறிய எனக்கு ஒரு உத்தியோகமும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

அம்மை வந்து போனவர் அம்மை போட்ட வீட்டில் பயமில்லாமல் புழங்கலாம் என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு உண்டல்லவா? அதை அப்படியே எடுத்து டெங்குக்கும் ஒட்டவைத்துவிட்டார்கள். இவளுக்கு வந்து போய்விட்டது, இனி வராது, அதனால் டெங்கு வந்த வீட்டில் துணைக்கு இருக்க இவளைவிடத் தோதான ஆள் கிடையாது. சோழவந்தானில் கணவரின் பெரியப்பா மகளுக்குக் காய்ச்சல் என்றதும் என்னை அனுப்பினார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போச்சு! எல்லோருக்கும் நம்பிக்கை இரும்பாக இறுகிவிட்டது. எங்கள் பங்குக் கோயிலில் ஒரு டீச்சரம்மாகூட, தன் தங்கைக்குத் துணைக்கு வர முடியுமா என்று பூசை முடிந்து வெளியே வரும்போது கேட்டார். பள்ளிக்கூடத்தில் நான் லீவு கேட்டுப் போனால் மதர், "யாருக்குக் காய்ச்சல்?" என்றுதான் கேட்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஐப்பசியில் திருமங்கலத்திலிருந்து நாத்தனாரின் போன் வந்தது. என் கணவருக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து உண்டாகியிருந்தாள், ஏழாம் மாதம். அவளுடைய வீட்டுக்காரருக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் பெட் இல்லை, காலையில் வந்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாமியார் என் பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மாசமா இருக்கவள எப்பிடித்தா காச்சக்காரன் பக்கத்துல ஒக்கார வைக்கிறது? ஒனக்குத்தான் வந்து போயிருச்சுல்ல, பெறகென்ன பயம்?" என்றார்.

போனேன். மாசமாக இருப்பவளுக்காகப் போனதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அவள் நல்ல பெண். "நீங்க வந்ததுல எனக்கு அம்புட்டுத் தைரியமா இருக்கு மதினி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் மெயின் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறார். கடையில் கொள்ளாத பழைய டயர்களையெல்லாம் வீட்டுக் கொல்லையில் அடுக்கியிருந்தார். ஒவ்வொரு டயர் வயிற்றிலும் மழைத் தண்ணீர். வீட்டுக்குள்ளே குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்த டிரம்கள், பாதிக்கு மூடி கிடையாது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? குழாயில் தினமும் தண்ணீர் திறந்துவிடாமல் எங்களைச் சேமிக்க வைத்துவிட்டு, சேமித்து வைத்தால் கொசு வரும் என்று தெருவில் ஆட்டோ விட்டு மைக்கில் கத்துகிறார்களே, அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். அது இருக்கட்டும்.

வீட்டில் கொசுவலை ஒன்றே ஒன்றுதான். அதை மாசமாக இருப்பவளுக்குக் கட்டினோம், அது சரிதான். காய்ச்சல்காரர் ஹாலில் ஜன்னலோரம் பகலெல்லாம் வெறும் உடம்போடு படுத்திருந்தார். சட்டையாவது போடுங்கண்ணே, கொசு பிடுங்குகிறதே என்றேன்.

"கடிக்க வேண்டியதக் கடிச்சிருச்சு. இனிமே கடிச்சு என்னைய என்னம்மா செஞ்சுரும்?" என்று அந்த நிலையிலும் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவருக்கு வந்துவிட்டது, எனக்கு வந்து போய்விட்டது, ஆகவே வலை தேவையில்லாத இரண்டு பேர். அவருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன், கஞ்சி ஆற்றினேன். அவரைக் கடித்த கொசுதான் மற்றவர்களுக்கு எமன், முதலில் வலைக்குள் போக வேண்டியது காய்ச்சல்காரர்தான் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் மதுரைக்குத் திரும்பினேன். அடுத்த வாரமே எனக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் அதே பழைய வலி. எனக்குள்ளே ஏதோ உறுத்தியது. கணவரிடம் சொன்னேன்.

"அலைச்சல்ல வந்த காச்சதான். ஒனக்குத்தான் டெங்கு வராதுல்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வேறு. என்னவோ அவர் சம்பாதித்துக் கொடுத்த வரம்போல!

தெருமுனைக் கிளினிக்கில் ஒரு அட்டையில் ரத்தச் சொட்டை விட்டுப் பார்த்தார்கள். டெங்கு இல்லை என்று வந்தது. இடுப்பில் ஒரு வலி ஊசி போட்டு, வைரல் ஃபீவர் என்று அனுப்பிவிட்டார்கள். முன்பு டெங்கு வந்திருக்கிறதா என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. அட்டை சொல்லிவிட்டதே, பிறகு மனுஷியிடம் என்ன கேள்வி?

ஒரு சனிக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டது. உடம்பு ஜில்லென்று ஆனது. மாமியாருக்கு ஒரே குஷி. வெந்நீர் போட்டு என்னை உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றிவிட்டார். ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்தார். அவர் கெட்டவர் அல்ல என்று சொல்வதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். பாசமாகத்தான் செய்தார். பாசத்தோடு செய்தாலும் ஆள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதுதான் விஷயம்.

மத்தியானத்துக்குள் வயிற்றில் ஒரு வலி பிடித்தது. குடித்த சூப்பெல்லாம் வெளியே வந்தது. வாய் கொப்பளித்தால் ஈறிலிருந்து ரத்தம். கையும் காலும் ஐஸ் மாதிரி. எழுந்து நின்றால் கண் இருட்டியது. "சூப்பு சேரல போல, வெறும் வயித்துல குடிச்சிட்ட" என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார் மாமியார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். மகள் கல்லூரியில்.

அடுக்களை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது மாமியாருக்கு அலங்காநல்லூரிலிருந்து போன் வந்தது. அவருடைய தம்பி. காது மந்தம் என்பதால் மாமியார் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். தம்பிக்கும் காய்ச்சலாம், டெங்கு என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஒண்ணுங் கவலப்படாதடா தம்பி. எங்க வீட்டுலதான் ஒருத்தி இருக்காள்ல! இப்பத்தான் காச்ச விட்டுத் தலைக்கு ஊத்திருக்கேன். திங்கக்கெழம பஸ் ஏத்தி விடுறேன்."

எனக்குள் என்ன ஆனதென்று தெரியவில்லை. அதுவரை எழுந்து நிற்க முடியாதவள் எழுந்தேன். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டேன், பர்ஸையும் போனையும் எடுத்தேன், வாசலுக்கு நடந்தேன்.

"எங்கத்தா கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு?"

அந்தக் கேள்வியை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். முன்னால் நிற்கிற எனக்கு முகம் வெளுத்துக் கிடக்கிறது, உதட்டோரம் ரத்தம். யாருக்கு என்று கேட்கிறார்!

"எனக்கு!" என்று கத்தினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மாமியாரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

தெருவில் வந்த ஆட்டோவில் ஏறி, பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஓட்டியவர் தலை நரைத்தவர், கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். "கூட ஆரும் வரலயாம்மா?" என்றார்.

"எல்லாருக்கும் கூடப் போறவளே நான்தாண்ணே" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் வண்டியை விரட்டினார். வாசலில் என்னைத் தாங்கி இறக்கி, ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொல்லிச் சத்தம் போட்டு, என் போனை வாங்கி என் கணவருக்குப் பேசியதும் அவர்தான். திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார்.

உள்ளே ஒரு டாக்டரம்மா, என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். நாடியைப் பிடித்துக்கொண்டே கேள்வி கேட்டார். முன்னாடி எப்பவாவது டெங்கு வந்திருக்கா என்றார்.

இதைச் சொல்லத்தான் எனக்கு நா கூசுகிறது. அந்த நிலைமையில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வந்து போயிருச்சு டாக்டர். அதனால இது டெங்கா இருக்காது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா உங்களுக்கு இப்படிச் சொன்னது?"

"எல்லாரும்."

அதற்குப் பிறகு அங்கே நடந்ததெல்லாம் வேகம் வேகமாக நடந்தது. ரத்த அழுத்தம் எடுத்த நர்ஸ் எண்ணைச் சொன்னதும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். கையில் ஊசி குத்த நரம்பே கிடைக்கவில்லை. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிக்கொண்டிருந்ததாம். இன்னும் கொஞ்ச நேரம் நான் அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

கொஞ்சம் தேறியதும் அந்த டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் வந்து நின்று விளக்கினார். அவருக்கும் கோபம்தான்.

"டெங்குல நாலு வகை இருக்கும்மா. ஒரு வகை வந்துட்டுப் போனா அந்த ஒண்ணு மட்டும்தான் திரும்ப வராது. மத்த மூணும் வரும். ரெண்டாவதா வேற வகை வந்தா, எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா முத்திப்போறதுக்கு வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே வந்தவங்கதான் மத்தவங்களவிட ஜாஸ்தி பயப்படணும். காய்ச்சல் விடுற நேரம்தான் கண்டம். நீங்க என்னடான்னா சூப்பு குடிச்சிட்டு வந்திருக்கீங்க."

அட்டை டெஸ்டில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். இரண்டாவது தடவை வருபவர்களுக்கு அது பல சமயம் காட்டாதாம். எனக்கு வந்தது எந்த வகை என்று கேட்டேன். ஒவ்வொருவருக்கும் அதைப் பார்ப்பதில்லை, சிலருடைய ரத்தத்தை மட்டும் லேபுக்கு அனுப்பி வகை பிரித்துப் பார்ப்பார்கள் என்றார். அப்படிப் பார்த்ததில், எனக்கு முதல் தடவை வந்த வருடம் நம் பக்கம் அதிகமாகச் சுற்றியது ஒரு வகை, இந்த மழைக்குச் சுற்றுவது வேறு வகையாம்.

அப்போதுதான் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. எந்த வருடம் எந்த வகை வருகிறது என்று ரத்தத்தை எடுத்து ஆராய்ச்சி செய்து எழுதிவைக்கத் தெரிந்திருக்கிறது. வகை மாறியிருக்கிறது, முன்பு வந்தவர்கள் ஜாக்கிரதை என்று என் தெருவுக்கு வந்து சொல்ல மட்டும் ஒருவரும் இல்லையா? போஸ்டரில் இவ்வளவு பெரிய கொசு படம் போடுகிறார்கள், அதைவிடப் பெரிதாகச் சிரிக்கிற முகங்களைப் போடுகிறார்கள். அதில் ஒரு வரி, மறுபடியும் வரும் என்று ஒரே ஒரு வரி போட இடமில்லையா? முதல் ஆஸ்பத்திரியில் மாத்திரைக் கவரை நீட்டியவர் சொல்லாமல் விட்டதும் இந்த ஒரு வரியைத்தான்.

மறுநாள் காலை கணவர் ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போயிருந்தபோது மாமியார் பிளாஸ்க்கில் கஞ்சியோடு வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குக்கூட மனது கொஞ்சம் இளகியது. அப்போது சொன்னார்:

"நீ எதையும் நெனச்சு வெசனப்படாத. ஒனக்கு ஒடம்பு வீக்கு, அதான் மறுபடி வந்துருச்சு. தம்பி வீட்டுக்கு ஒம் மகள அனுப்பிட்டேன். அவளுக்கும்தான் அப்பவே வந்து போயிருச்சே. வயசுப் புள்ள, ஒண்ணும் செய்யாது."

கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸ் குழாயோடு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தலையணை அடியிலிருந்து போனை எடுத்தேன்.

"எங்கடி இருக்க?"

"பஸ்ல இருக்கேம்மா. கூடல்நகர் தாண்டியாச்சு. நீ எப்பிடிம்மா இருக்க?"

"எறங்கு."

"ஏம்மா? எனக்குத்தான் வந்து போயிருச்சே..."

அதே வார்த்தை. அட்சரம் பிசகாமல் அதே வார்த்தை, என் பிள்ளை வாயிலிருந்து. நான் போட்ட சத்தத்தில் அந்த வார்டே திரும்பிப் பார்த்தது.

"எறங்குடின்னா எறங்கு! நாலு இருக்குடி! ஒண்ணுதான் போயிருக்கு, இன்னும் மூணு இருக்குடி!"

நர்ஸ் ஓடிவந்து திட்டினார். கையிலிருந்து ரத்தம் டிரிப்ஸ் குழாயில் திரும்பி ஏறியிருந்தது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. பஸ் இரைச்சலுக்கு நடுவே, அண்ணே நிப்பாட்டுங்க என்று அவள் சொல்வதும் கண்டக்டர் விசில் அடிப்பதும் கேட்டது. அதற்குப் பிறகுதான் படுத்தேன்.

அலங்காநல்லூரில் மாமியாரின் தம்பியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்கிறீர்களா? கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் சொந்த மகன் லீவு போட்டுவிட்டு வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு வரத் தெரியாமல் இல்லை. என்னை அனுப்புவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் வீடு திரும்பியதும் மாமியார் வழக்கம்போல நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுக்கக் கிளம்பினார். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். அறிவிப்பு நேரத்தில் நானே இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஃபாதரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்கவில்லை. மைக் முன்னால் போய் நின்றேன். இதே மைக்கில்தான் எனக்கு டெங்கு வந்து போனதென்று சொன்னார்கள், அதை நம்பி நானும் செத்திருப்பேன், என் மகளும் போயிருப்பாள் என்று ஆரம்பித்து, டாக்டரம்மா சொன்னது அத்தனையையும் சொன்னேன். நன்றி சொல்கிற தொனியில் அது இல்லை என்று பிறகு சிலர் குறைப்பட்டார்களாம். படட்டும்.

பூசை முடிந்து வெளியே வந்தால், தெரிந்த அம்மா ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ரெண்டு தடவ வந்து போயிருச்சுல்ல, இனிமே ஒனக்குப் பயமே இல்ல" என்றார்! நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து என் மாமியார் பாய்ந்தார்.

"நாலு இருக்குன்னு மைக்குல அம்புட்டுச் சத்தமாச் சொன்னாளே, ஒங்களுக்கும் எனக்கு மாதிரி காது மந்தமா?"

சிரிப்பு வந்துவிட்டது. மாமியார்மேல் இருந்த கோபம் அன்றோடு பாதி போனது. மீதிக் கோபத்தை நான் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மழைக்கும், அந்த ஒரு வரி காதில் விழாத இன்னொருத்தி எந்த வீட்டு ஜன்னலோரம் யாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ என்று நினைக்கும்போது அது மறுபடியும் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது.